வேலிக்கு வெளியே நிற்பவன் வேவுகாரனா?

வேல்ஸ் நாட்டு மலைச்சரிவு. பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. முதுகிலே பை, தோளிலே கனமான காமிரா, குடுவையிலே சூடான தேநீர். மூச்சு வாங்க மேலேறி வருகிறான் ஒரு மனிதன். பாறையோரம் உட்காருகிறான், வானத்தைப் பார்க்கிறான். மணி எட்டாகிறது, பத்தாகிறது, உச்சிவேளையும் வருகிறது. மழை வருகிறது, போகிறது. அவன் போகவில்லை! திடீரென்று அடிவயிற்றைக் கலக்கும் ஓர் இரைச்சல். பள்ளத்தாக்கின் வளைவிலிருந்து பாய்ந்து வருகிறது போர்விமானம். தலைக்கு மேலே அல்ல தோழர்களே, அவன் காலுக்குக் கீழே! விமானியின் தலைக்கவசம் தெரிகிறது. இறக்கையிலே எழுதிய எழுத்துத் தெரிகிறது. இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று. பறந்துவிட்டது. ஆனால் படம் பதிந்துவிட்டது! அப்போது அவன் முகத்திலே மலர்கிற மகிழ்ச்சி இருக்கிறதே, தலைப்பிள்ளையைக் கையில் வாங்கும் தகப்பன் முகத்திலேதான் அதைக் காண முடியும்.

பித்துக்குளி என்பீர்கள். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம்.

டொல்கெத்லாய், மகன்த்லெத் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு 'மாக் லூப்' என்று பெயர். பிரிட்டிஷ் விமானப்படையும் அங்கே தங்கியிருக்கும் அமெரிக்க விமானப்படையும் தாழப் பறந்து பழகும் இடம் அது. தரைக்கு மேல் 250 அடி வரை இறங்கிப் பறப்பார்கள். அந்தக் காட்சியைப் படம் பிடிக்கவும் சினிமாவாக எடுக்கவும் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். சிலநாள் ஒரு விமானமும் வராது. வெறுங்கையோடு மலையிறங்கி, மறுவாரம் மறுபடியும் ஏறுகின்றனர்.

இன்னொரு வகையினர் விமானதளத்து வேலியோரம் நிற்பவர்கள். சிறு ஏணி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, அதன்மேல் ஏறி நின்று, கம்பிவேலிக்கு மேலாகப் படமெடுப்பார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது இவர்களுக்குப் பேரின்பம். தபால்தலை சேர்ப்பவன் இருக்கிறான். பந்தயப் புறா வளர்ப்பவன் இருக்கிறான். இவன் எண் சேர்க்கிறான். என்ன இலாபம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. உழைத்துக் களைத்தவன் தன் ஓய்வு நேரத்தை எதற்குச் செலவிடுகிறான் என்று கணக்குக் கேட்க நாம் யார்? நாளெல்லாம் ஆலையில் தேய்ந்தவனுக்கு எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய இயக்கங்கள், மிச்சமாகும் நேரம் அவனுக்கே சொந்தம் என்றுதானே முழங்கின?

ஆனால் கணக்குக் கேட்கிறார்கள். காவல்துறையை அனுப்பிக் கேட்கிறார்கள், கைவிலங்கு மாட்டிக் கேட்கிறார்கள்!

கிரேக்க நாட்டிலே கலமாதா என்று ஓர் ஊர். அங்கே விமானப்படையின் பயிற்சித்தளம் இருக்கிறது. 2001 நவம்பரில், அந்தத் தளத்திலே பொதுமக்கள் வந்து பார்க்கலாமென்று திறந்துவிட்ட ஒரு நாளில், 14 வெளிநாட்டார் கைது செய்யப்பட்டனர். பிரிட்டிஷார் 12 பேர், டச்சுக்காரர் 2 பேர். விமானதளம் ஒவ்வொன்றாகப் பார்த்துவரச் சுற்றுலா வந்த கூட்டம். கையிலே காமிரா, பையிலே குறிப்பேடு. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வேவு!

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்மணி. விமானத்தின்மீது அவருக்கு ஆசையே கிடையாது. கணவர் போகிறாரே, துணைக்குப் போவோம் என்று வந்தவர். மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மையார் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தாராம். அவரையும் விடவில்லை. குறுக்கெழுத்திலே கட்டத்துக்குக் கட்டம் எழுதினால், அது சங்கேத மொழியாகத்தானே இருக்கவேண்டும்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்.

ஐந்து வாரத்துக்கு மேல் சிறை. பிறகு, தலைக்கு 9,000 பவுன் ஜாமீன். 2002 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எட்டுப் பேருக்கு 3 ஆண்டு தண்டனை. உடந்தையாக இருந்தார்கள் என்று ஆறு பேருக்கு ஓராண்டு. மேல்முறையீடு செய்து, அதே ஆண்டு நவம்பரில்தான் அந்தத் தண்டனை உடைந்தது. ஓராண்டு காலம்! வழக்குச் செலவு, போக்குவரத்துச் செலவு, ஊரார் வாய்க்கு அவலான மானம், குடும்பத்தார் வடித்த கண்ணீர். இவற்றுக்கெல்லாம் எந்த நீதிமன்றம் ஈடு கொடுத்தது?

கலமாதாவிலே அப்போது பறந்துகொண்டிருந்த பயிற்சி விமானம், 'பக்கை' என்னும் அமெரிக்க ரகம். அந்த ரகம் முதன்முதலாகப் பறந்தது 1958-இல். நாற்பதாண்டு கடந்த கிழட்டு விமானம்! அதன் எண்ணை அழியாத சாயத்தில் பெரிதாக எழுதி வைத்தவன் குற்றவாளியல்ல, படித்தவன் குற்றவாளியாம். மறைக்க வேண்டியது அந்த எண் என்றால் ஏன் எழுதினீர்கள்? எழுதியபிறகு, வாருங்கள் வந்து பாருங்கள் என்று வாசற்கதவை ஏன் திறந்தீர்கள்?

கிரேக்க அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவோம். துருக்கியோடு அவர்களுக்கு நெடுங்காலப் பகை. ஏஜியன் கடலுக்கு மேலே இரு நாட்டு விமானங்களும் ஒன்றையொன்று விரட்டுவது வாடிக்கை. அதற்கு முந்திய ஆண்டுதான், 2000 ஜூனில், பிரிட்டிஷ் தூதரகத்து இராணுவ அதிகாரி ஒருவரை ஏதன்ஸ் நகர வீதியிலேயே சுட்டுக் கொன்றிருந்தனர். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் இடிந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. அச்சம் இருந்தது உண்மை. அழைத்து விசாரித்திருக்கலாம், குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கலாம், அடுத்த விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பியிருக்கலாம். இதற்கு ஒரு நாள் போதாதா? ஓராண்டா?

இதிலே வேடிக்கை என்னவென்றால், இதே கண்களை அரசாங்கம் கைகூப்பி அழைத்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இறங்கிய நான்காவது நாள், 1939 செப்டம்பர் 6. பிரிட்டனுடைய 'ஸ்பிட்பயர்' விமானங்கள், பிரிட்டனுடைய 'ஹரிகேன்' விமானங்களையே பகைவர் என்றெண்ணிச் சுட்டு வீழ்த்தின. இரண்டு விமானம் விழுந்தது. ஓர் இளம் விமானி மாண்டான். தன் வீட்டுப் பிள்ளையைத் தானே கொன்ற கதை! விமானத்தின் உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று சொல்லத் தெரியாததால் வந்த வினை. ரேடார்க் கருவி இருந்தது. ஆனால் அன்றைய ரேடார் கடலை நோக்கியே நின்றது. கரையைத் தாண்டி நாட்டுக்குள்ளே நுழைந்துவிட்ட விமானத்தைப் பின்தொடர்ந்து சொல்ல மனிதனுடைய கண்ணும் காதும்தான் துணை. அந்தக் கண்களும் காதுகளும் யாருடையவை? 'அப்சர்வர் கோர்' என்ற படையிலே சேர்ந்த தொண்டர்களுடையவை. பகலெல்லாம் தன் பிழைப்பைப் பார்த்துவிட்டு, முறைவைத்துக் காவல்மேடையில் நின்று, வானத்தைப் பார்த்துத் தொலைபேசியில் சொன்ன சாதாரண மக்கள். 1941-இல் மன்னரே அந்தப் படைக்கு 'ராயல்' பட்டம் சூட்டினார். அதே ஆண்டிலே, விமானங்களை இனங்காணக் கற்பிப்பதற்கென்றே ஒரு வார ஏடும் தொடங்கப்பட்டது. பள்ளிச் சிறுவர்கள்கூட அதை வாங்கி, நிழலுருவத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழகினர். 1944-இல் நார்மண்டியில் படை இறங்கியபோது, சொந்த விமானத்தைச் சுட்டுவிடக் கூடாதே என்பதற்காக, அந்தப் படையிலிருந்து சுமார் 800 பேரைக் கப்பல்களில் ஏற்றி அனுப்பினர். அவர்களிலே முதியவர்களும் இருந்தனர். "அதோ வருவது நம்முடையது" என்று சொல்லத் தெரிந்த ஒரே தகுதிக்காகக் குண்டுமழைக்கு நடுவே நின்றவர்கள் அவர்கள்.

தேவைப்பட்டபோது தேசத்தொண்டு, தேவை தீர்ந்தபோது தேசத்துரோகம்!

இன்னொன்றும் கூறவேண்டும். நாம் இதை எழுதத் துணிந்ததற்குக் காரணமே அதுதான். வேலியோரத்துக் காமிராவைக் கண்டு ஆளவந்தார்கள் நடுங்குவது எப்போதும் நாட்டைக் காப்பதற்காக மட்டுமா?

2003 டிசம்பர் 31. காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகன், லெபனான் வம்சாவளியினர், பஸ்ஸிலே மாசிடோனியாவுக்குப் போகிறார். எல்லையிலே இறக்கிவிடுகிறார்கள். தேடப்படும் ஒருவன் பெயரைப் போலவே இவர் பெயரும் இருந்ததாம்! 23 நாள் ஓர் ஓட்டல் அறையில் அடைத்து வைத்தனர். பிறகு அமெரிக்க உளவுத்துறையின் கையில் ஒப்படைத்தனர். அவர்கள் ஆடையைக் கிழித்து, கண்ணைக் கட்டி, விமானத்தில் போட்டு, ஆப்கானிஸ்தானத்து இருட்டறைக்குக் கொண்டுபோயினர். தவறான ஆள் என்று தெரிந்தபின்னும் உடனே விடவில்லை. 2004 மே மாதத்தில் அல்பேனியாவிலே ஒரு சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். நடந்ததை அவர் சொன்னபோது முதலில் நம்பியவர் எத்தனை பேர்? கடத்தியவர்கள் கைச்சீட்டா கொடுத்திருப்பார்கள்?

விமானம் இருந்ததல்லவா! என் 313 பி என்ற எண் தாங்கிய போயிங் விமானம். போர்விமானமல்ல, பார்வைக்குப் பணக்காரர் பயணம் செய்யும் வெள்ளை விமானம். அது அந்த ஜனவரி மாதத்திலே, ஸ்பெயின் நாட்டு மயோர்கா தீவில், பால்மா விமான நிலையத்தில் நின்றது. அங்கே, எவருடைய ஏவலும் இன்றி, வழக்கம்போல வேலியோரம் நின்ற ஒருவர் வழக்கம்போல அதைப் படம் எடுத்தார். எண் தெளிவாக விழுந்தது. அவருக்கு எல்-மஸ்ரியையும் தெரியாது, இருட்டறையையும் தெரியாது. பத்திரிகையாளரும் ஐரோப்பிய விசாரணையாளரும் விமானப் பயணப் பதிவேடுகளைத் துருவியபோது, இத்தகைய படங்கள் கை கொடுத்தன. இன்ன எண் விமானம், இன்ன ஊரில், இன்ன மாதத்தில் நின்றது என்று காட்ட முடிந்தது. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், எல்-மஸ்ரி சொன்னது உண்மை என்று கண்டு, மாசிடோனியா அவருக்கு 60,000 யூரோ கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. வழக்கு வென்றது அந்தப் படம் ஒன்றால் மட்டுமல்ல என்பதை அறிவோம். ஆனாலும், வல்லரசின் உளவுத்துறை மறைக்க நினைத்ததை, ஊதியம் வாங்காத ஒருவரின் காமிரா ஊரறியச் செய்ததே!

நம் நாட்டுக்கு வருவோம். 2010-இல் டில்லியிலே, விமான நிலையத்துக்கு அருகே, ஓட்டலில் தங்கியிருந்த இரண்டு பிரிட்டிஷாரைப் பிடித்தார்கள். ஓடுபாதை தெரியும்படி அறை வேண்டுமென்று கேட்டதும், வானொலிக் கருவியும் காமிராவும் வைத்திருந்ததும் ஐயத்தைக் கிளப்பின. அவர்கள் பார்த்தது பயணிகள் விமானம்தான். பம்பாய்த் தாக்குதல் நடந்து நெடுநாள் ஆகாத நேரம். ஐயப்பட்டதைக் குறை கூறோம். ஏப்ரலில் 25,000 ரூபாய் அபராதத்தோடு அனுப்பிவைத்தனர். கலமாதாவோடு ஒப்பிட்டால் டில்லி பெருந்தன்மை காட்டியது என்றே சொல்ல வேண்டும்.

நமக்குக் கவலை தருவது சட்டப் புத்தகத்தில் இருப்பது. 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம்! வெள்ளையன் தன் ஆட்சியைக் காத்துக்கொள்ள இயற்றியது. அதன் மூன்றாவது பிரிவு, நாட்டுக்குத் தீங்கான நோக்கத்தோடு தடைசெய்த இடத்தை அணுகினாலும், அதன் அருகே இருந்தாலும் குற்றம் என்கிறது. 14 ஆண்டு வரை சிறைக்கு வழி இருக்கிறது. நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? அங்கேதான் சூட்சுமம். இன்ன செயல் செய்தான் என்று காட்ட வேண்டுவதில்லையாம். சூழ்நிலையையும், அவன் நடத்தையையும், அவன் எப்படிப்பட்டவன் என்று அறியப்பட்டிருக்கிறானோ அதையும் கொண்டே முடிவு கட்டலாமாம்! எப்படிப்பட்டவன் என்று யார் சொல்வது? காவல் நிலையத்து ஏட்டய்யாவா? கறுப்புச் சட்டை போட்டவனும், கொடி பிடித்தவனும், வேலைநிறுத்தம் செய்தவனும் எப்படிப்பட்டவன் என்று அவர் ஏட்டிலே எழுதுவார் என்பதை நாம் அறியமாட்டோமா? இந்தச் சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிட்டனே 2023-இல் நீக்கி, வேறு சட்டம் இயற்றிவிட்டது. பாட்டன் இறந்து பதினாறும் முடிந்தாயிற்று. பேரன் மட்டும் இங்கே பவனி வருகிறான்.

வேவு பார்ப்பவனே உலகத்தில் இல்லை என்று நாம் சொல்லவில்லை. போர்க்காலம் வேறு. உக்ரேன் நாடு 2022 மார்ச்சில், படைகளின் நடமாட்டத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. தலைக்கு மேலே குண்டு விழும்போது, ஒரு படம் ஒரு படைப்பிரிவையே பலிவாங்கக்கூடும். சென்ற 2025-ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது, படை நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டாதீர் என்று மத்திய அரசு கேட்டுக்கொண்டதும் தவறல்ல. அந்த நேரத்தில் கைத்தொலைபேசியை மூடி வைப்பது குடிமகனின் கடமை. ஆனால் அமைதிக்காலத்தில், பொதுச்சாலையில் நின்று, கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுப்பவனிடம் தடை எது, தடையில்லாதது எது என்று பலகையில் எழுதி வையுங்கள் என்கிறோம். தீங்கு செய்தான் என்றால், என்ன தீங்கு என்று நிரூபிக்கும் பொறுப்பை அரசு ஏற்கட்டும் என்கிறோம். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய விமானம், மக்கள் தலைக்கு மேலேயே பறக்கிறது. அண்ணாந்து பார்ப்பதற்கு அனுமதிச்சீட்டா?

கிரேக்க நாட்டுச் செய்தி ஒன்று பாக்கியிருக்கிறது. அங்கே தானாகிரா என்ற விமானப்படைத் தளத்திலே, 'ஏதன்ஸ் பறப்பு வாரம்' என்று பெரிய விமானக் காட்சியைப் பின்னாளில் நடத்தலாயினர். நீண்ட காமிராவும் குறிப்பேடுமாக வெளிநாட்டு ஆர்வலர்கள் வந்து குவிகின்றனர். நுழைவுச்சீட்டை அவர்களுக்குக் காசுக்கு விற்கிறார்கள். விமானங்களின் வாலிலே எண் இன்னமும் எழுதித்தான் இருக்கிறது.