பழைய சைக்கிளுக்குப் புதிய முன்கவை

இலக்கியம் பேசுகிற இடத்தில் மிதிவண்டி உதிரிபாகம் ஒன்றைப் பற்றி எழுத வந்ததற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். எனக்குச் சங்கப்பாடல் தெரிந்த அளவுக்குச் சைக்கிளும் தெரியும் என்று சொன்னால் மிகை. ஆயினும் இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறேன், கழற்றுகிறேன், சில சமயம் திரும்பப் பூட்டியும் விடுகிறேன்.

என் வகுப்பு மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு பொட்டலத்துடன் வந்தார். பேரணாம்பட்டுக்காரர். தொண்ணூறுகளில் செய்யப்பட்ட எஃகு ரேஸ் சைக்கிள் ஒன்றைப் பெங்களூரில் யாரிடமோ பழைய விலைக்கு வாங்கி, அதில்தான் குடியாத்தத்துக்கு வருகிறார். பொட்டலத்தில் இருந்தது கார்பன் போர்க், அதுவும் பழையது. முன்சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கவைக்கு நான் முன்கவை என்று பெயர் சொன்னால் அவர் சிரிப்பார். கடைத்தெருவில் அது போர்க்தான்.

"இதைப் போட்டால் வண்டி பறக்குமாம் ஐயா."

"யார் தம்பி சொன்னது?"

"விற்றவர்தான்."

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை. அக்கால எஃகுப் போர்க் 700 முதல் 900 கிராம் வரை இருக்கும். கார்பன் போர்க் 350 முதல் 500 கிராம். குறைவது 400 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், அரை விழுக்காடு. கூடவே கொண்டுபோகும் அரை லிட்டர்த் தண்ணீர்ப் புட்டி இதைவிடக் கனம். பந்தய வீரனுக்கு அந்த அரை விழுக்காடு பெரிது. கல்லூரிக்கு வருகிறவருக்கு அது காலைச் சிற்றுண்டியிலேயே ஈடாகிவிடும்.

ஆனால் எடை என்னை உறுத்தவில்லை. அந்தப் போர்க்கின் கடந்தகாலம் யாருக்கும் தெரியாது என்பதே உறுத்தியது.

நெசவூரில் இருப்பவர்களுக்குக் கார்பனை விளக்குவது எளிது. அது அடிப்படையில் துணி. தலைமயிரினும் மெல்லிய கரிம இழைகளை அடுக்கி, பிசின் ஊட்டி, அச்சில் வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்குகிறார்கள். மேலே பளபளவென்று பாவும் ஊடையுமாகத் தெரிகிற நெசவு பெரும்பாலும் அழகுக்குத்தான். வலிமை உள்ளே, ஒரே திசையில் படுத்த இழை அடுக்குகளில் இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கையும் வேறு வேறு கோணத்தில் இடுவார்கள். இழை ஓடும் திசையில் இழுத்தால் எஃகையும் வெல்லும். பக்கவாட்டில் ஒரு கூரிய கல் அடித்தால் கதை வேறு. உள்ளே இரண்டு அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருக்கலாம். மேலே பூச்சு சிறிதும் கலையாமல் இருக்கலாம்.

எஃகு அப்படிப்பட்டதன்று. அடிபட்டால் பெரும்பாலும் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும்; வண்டி ஒருபக்கம் இழுக்கும். நம்மூர்ச் சைக்கிள் கடைக்காரர் பத்தடி தள்ளி நின்று பார்த்தே "போர்க் பின்னால போயிருக்கு" என்று சொல்லிவிடுவார். பெண்ட் எடுத்தும் தருவார். எஃகுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. துரு உள்ளிருந்து தின்னும். வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்தி ஒருநாள் உலோகம் களைத்து முறியவும் செய்யும். ஆனால் அதற்கு முன் பெரும்பாலும் ஏதேனும் ஒரு குறிப்புக் காட்டும்.

இதற்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2006 ஏப்ரலில் வடபிரான்சின் கல் பாவிய சாலைகளில் நடந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தில், அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காப்பியின் கையோடு கைப்பிடி கழன்று வந்துவிட்டது. போர்க்கின் மேல்தண்டு முறிந்து, அவர் விழுந்து, தோள் காயப்பட்டது. முறிந்த தண்டு கார்பன் அன்று, அலுமினியம். அதே பந்தயத்தில் அவர் முன்னரே ஒருமுறை விழுந்திருந்தார். அந்த அடியின் சேதம் தண்டில் இருந்தது என்று பின்னர் கருதினார்கள். உலகின் மிகச் சிறந்த மெக்கானிக்குகள் காரில் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பந்தயத்திலேயே ஓர் அடியின் விளைவு கண்ணுக்குத் தப்பிவிட்டது. முன்பின் தெரியாதவர் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்த பொருளில் எத்தனை அடிகள் இருக்கும் என்று நாம் எப்படிச் சொல்வது?

பொருத்துவதிலும் சிக்கல் உண்டு. அக்கால வண்டிகளின் போர்க்தண்டு ஒரு அங்குலம், மரை போட்டது. இக்காலத்தது பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, மரை இல்லாதது. மாணவரின் அதிர்ஷ்டம், வந்தது ஒரு அங்குலமே. ஆனால் மரை இல்லை. ஆகவே பால்ஸ் ஓடும் கப்புகள், கைப்பிடியைப் பிடிக்கும் ஸ்டெம் எல்லாம் மாற்ற வேண்டும். தண்டும் கார்பன் என்றால் அதைப் பிடிக்கும் திருகுகளை அளவறிந்து முடுக்க வேண்டும்; பல ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர்தான். நம் கடைகளில் முடுக்குவது கைக்கணக்கில். கை அதிகம் போனால் அங்கேயே ஒரு விரிசலுக்கு விதை விழும். போர்க்கின் உயரம் மாறினாலும் வண்டியின் குணம் மாறும்: சக்கர அச்சுகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் என்பதால், முன்பக்கம் 17, 18 மில்லிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ சட்டம் முழுவதும் ஒரு பாகை சாய்கிறது. காகிதத்தில் அது சிறிது, திருப்பத்தில் தெரியும்.

"அப்படியானால் அதிர்வு குறையாதா?" என்றார். கொஞ்சம் குறையலாம். ஆனால் வெள்ளைக்கோடு கூட இல்லாத நம் வேகத்தடைகளுக்கு மருந்து டயரில் இருக்கிறது. 23 மில்லிமீட்டர் டயரை எடுத்துவிட்டு 28 போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்தால் கையும் முதுகும் உடனே வாழ்த்தும். வேடிக்கை என்னவென்றால், பழைய கார்பன் போர்க்குகள் பலவற்றில் 28 நுழையாது. இவருடைய எஃகுப் போர்க்கில் நுழைகிறது.

கார்பனே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். இன்று நல்ல சாலை மிதிவண்டிகளில் அதுவே வழக்கம், ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. புதிதாக, கடையில், ரசீதோடு வாங்கி, விழுந்தால் மாற்றிவிடும் வசதியும் மனமும் உள்ளவர் தாராளமாகப் போடலாம். எனக்கு அச்சம் அந்தப் பொருளிடம் இல்லை, வரலாறு தெரியாத அந்தப் பொருளிடம். கியர் உடைந்தால் தள்ளிக்கொண்டு வரலாம். பெடல் உடைந்தால் முழங்காலோடு போகலாம். போர்க் முறிந்தால் முதலில் தரையைத் தொடுவது முகம்.

இருவருமாக ஒரு ரூபாய் நாணயத்தால் போர்க்கைத் தட்டிப் பார்த்தோம். கீழே கணீரென்றது, கவை பிரியும் இடத்தருகே ஓரிடத்தில் மட்டும் ஓசை மங்கியது. விரிசலா, அவ்விடத்தில் சுவர் தடிப்பா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள இங்கே வழியும் இல்லை.

அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். "மேல்பக்கத்தை மட்டும் காட்டி ஒரு தோலைச் சுருட்டிக் கொடுத்தால் உங்கள் அப்பா தரம் சொல்வாரா?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டார் ஐயா. இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் அது. பிறகு, "அப்படியானால் இதை வேறு யாருக்காவது விற்றுவிடட்டுமா?" என்றார். கேட்ட மறுகணமே அவர் முகம் மாறியது. நான் பதில் சொல்லவில்லை; பணத்தை இழந்துவிடு என்று சொல்லும் உரிமை சம்பளம் வாங்குகிற எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

இப்போது 28 டயரோடு வருகிறார். நேற்றுக் கேட்டேன், போர்க் இன்னும் வீட்டு அலமாரியின் மேல்தான் இருக்கிறதாம்.