வடிகால் ஓரத்தில் இருந்தவர்கள்
டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் இடிப்புச் செய்திகளை மறுபடி எடுத்துப் படித்தேன். பாரபுல்லா வடிகாலில் மழைவெள்ளம் தடையின்றி ஓட வேண்டும் என்று சொல்லித்தான் 2025 ஜூன் 1 அன்று சுமார் 370 குடிசைகளின் மேல் புல்டோசர் ஏறியது. உத்தரவு டெல்லி உயர் நீதிமன்றத்தினுடையது. வடிகாலைத் தூர்வார வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதே வடிகாலின் மேல்தானே 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் பெரிய மேம்பாலம் எழுந்தது? அதனால் நீரோட்டம் என்ன ஆனது என்று திட்டமிட்ட துறைகளும் கட்டிய நிறுவனங்களும் சொல்ல வேண்டாமா? வெள்ளம் என்றதும் ஓரத்தில் குடியிருப்பவரிடம் மட்டும் கணக்குக் கேட்பது அநியாயம். பாதிக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஜங்புராவில் விடிந்ததும் பாத்திரம் தேய்க்க நடந்தே போய்க்கொண்டிருந்த பெண், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்? ஊர் திரும்புவோருக்கு உதவுகிறோம் என்றது தமிழக அரசு, நல்ல மனசு. ஆனால் அரை நூற்றாண்டாக அங்கே வேர்விட்டவர்களுக்கு ஊர் டெல்லிதான். விடுபட்ட குடும்பங்களுக்கும் வேலைக்குப் போய்வரும் தூரத்திலேயே வீடு வேண்டும், அதை டெல்லி அரசிடம் சென்னை விடாமல் கேட்க வேண்டும்.