பயிற்சி முடியுமுன் பணிக்களம்

சமூக சேவை என்றதும் ஊதியம் கருதாத தொண்டே நம்மவர் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலோ, ‘சமூக ஊழியர்’ என்பது பட்டமும் சட்டப்படியான பதிவும் பெற்றோருக்கே உரிய பெயர். துன்புறுத்தப்படும் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வேண்டுமா என்று ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அபிப்பிராயம் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது. அத்தகையோருக்கு 170 நாள் களப்பயிற்சி விதிக்கப்பட்டிருந்ததில் வியப்பில்லை.

2020 மார்ச் 23ஆம் தேதி, கொரோனா காரணமாக மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டுமென்று அந்நாட்டுப் பிரதம மந்திரி அறிவித்தார். பல மாணவர்களின் களப்பயிற்சியும் அதனோடு நடுவில் நின்றது. இரண்டு நாளில் சட்டமான கொரோனா மசோதா, பதிவேட்டிலிருந்து விலகிய பழைய ஊழியர்களைத் தற்காலிகமாகத் திரும்ப அழைக்க வழி செய்தது. ஆபத்துக் காலத்தில் எந்தச் சர்க்காரும் செய்யத்தக்க காரியமே. அதைக் குறை கூறோம். நமது கவலை பழையவரைப் பற்றியதன்று, அவ்வாண்டு உத்தியோகத்தில் நுழைந்த புதியவரைப் பற்றியது.

இத்தொழில் புத்தகத்தால் மட்டும் வருவதன்று. வாயிலில் நின்றதும் மூக்கில் படும் வாடை, அடுப்பங்கரையின் நிலை, கேள்வி கேட்டதும் குழந்தை யார் முகத்தைப் பார்க்கிறது என்பது ஆகிய இவையெல்லாம் விடியோவில் தெரியா. வீட்டார் காட்ட விரும்பும் மூலை ஒன்றே தெரியும். திரும்பி வந்ததும் அடுத்த மேஜையிலிருக்கும் மூத்தவரிடம், “ஏனோ எனக்கு அங்கே சரியாகப் படவில்லை” என்று சொல்லி யோசனை கேட்பதே பாதிக் கல்வி. காரியாலயங்கள் பூட்டப்படவே அதுவும் போயிற்று. பிறர் குடும்பத்துத் துயரங்களைப் பகலெல்லாம் கேட்ட அறையிலேயே இரவில் உறங்க வேண்டிய இளைஞர்களும் இருந்தனர்.

2020 ஜூனில் சோலிஹல் நகரில் 6 வயதுச் சிறுவன் ஒருவன், தந்தையோடு வாழ்ந்த பெண்ணால் கொல்லப்பட்டான். தந்தையும் சிறை சென்றான். அவ்வாண்டு ஏப்ரலில்தான் சமூக ஊழியர்கள் அவ்வீட்டுக்கு நேரில் சென்று, கவலைப்பட ஏதுமில்லையென்று திரும்பியிருந்தனர். நேரில் கண்டவர்களே ஏமாறக்கூடிய தொழிலில், நேரில் காணப் பழகாத புதியவர் தனித்து என் செய்வார்?

முதலாண்டு ஊழியருக்குக் குறைந்த வேலையும் ஒழுங்கான மேற்பார்வையும் அளிக்கும் ஏற்பாடு 2012 முதல் அங்கே இருந்தது. ஆயினும் 2020இல் அது சட்டம் விதித்த கடமையாக இல்லை. வேலை கொடுப்போரின் விருப்பத்தைப் பொறுத்தே நின்றது. ஆட்குறைவால் தவிக்கும் ஸ்தல ஸ்தாபனத்தில் அவ்விருப்பம் எத்தனை நாள் நிலைக்கும்? தொற்றுக் காலத்தில் சேர்ந்தோருக்கேனும் அதைச் சட்டத்தால் உறுதி செய்து, விட்டுப்போன பயிற்சி நாட்களுக்கு ஈடாக மூத்தவரோடு வீடு வீடாகச் செல்லும் காலத்தையும் சேர்த்திருக்க வேண்டும். பழையவரை அழைக்க இரண்டே நாளில் சட்டம் கண்ட பார்லிமெண்டுக்கு இது முடியாத காரியமன்று.