திரையரங்கு வாயிலில் தமிழ்த்துறை

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் திரைப்படத்திற்கு இடம் உண்டா என்னும் வினா எழும்போதெல்லாம் தமிழறிஞர் அவையில் இருவகை முகங்களைக் காண்கிறோம். ஒன்று சுளிக்கும் முகம். மற்றொன்று பூரிக்கும் முகம். சுளிப்போர், தொல்காப்பியமும் சிலம்பும் இருந்த இடத்தில் கொட்டகைக் கூத்து நுழைவதா என வெகுள்வர். பூரிப்போர், தம் மனங்கவர்ந்த நடிகரைப் பாராட்டக் கல்லூரியிலும் ஒரு மேடை வாய்த்ததென மகிழ்வர். இவ்விரு சாராரோடும் நமக்கு உடன்பாடில்லை. திரைப்படத்தையும், பொதுமக்கள் கேட்டும் பார்த்தும் படித்தும் வரும் பிற கலைகளையும் தமிழ்த்துறை ஆராயவேண்டும். ஆனால், பழம்பாடல் ஒன்றை அணுகும் அதே கண்டிப்போடு ஆராயவேண்டும் என்பதே நம் கருத்து.

சமுதாயப் பெரியவர்களின் தயக்கத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. வட்டிக் கடன் வேண்டாமென்று, இருந்த நகையை விற்று மகனையும் மகளையும் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர், ‘படம் பார்ப்பதற்கும் ஒரு பட்டமா?’ என்று கேட்டால் அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், இன்றைய மாணவன் படம் பார்க்கக் கல்லூரியின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. கொட்டகைக்குச் சென்றுதான் பார்க்கவேண்டும் என்ற நிலையும் மாறிவிட்டது. அவன் உள்ளங்கையிலேயே திரை இருக்கிறது. பார்க்கும் பழக்கம் அவனுக்கு நிறைய உண்டு. பார்த்ததை ஆய்ந்து, இது எவ்வாறு ஆக்கப்பட்டது, என்னை ஏன் இவ்வாறு நினைக்கவைக்கிறது என்று கேட்கும் பயிற்சிதான் இல்லை. அப்பயிற்சியைத் தரவேண்டிய இடம் வகுப்பறை அன்றி வேறெது?

மக்கள் கலையாக இருந்த ஒன்று பாடநூலாக உயர்வது தமிழுக்குப் புதிதன்று. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் வரலாறே இதற்குச் சான்று பகரும். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்பன நம் முன்னோர் தமிழுக்குத் தந்த தனி வகைகள். 1572ஆம் ஆண்டைச் சார்ந்த ஆயிர மசலா வினாவும் விடையுமாக அமைந்தது. கிஸ்ஸாக்களோ வீட்டுத் திண்ணைகளிலும் பெண்கள் கூடும் முற்றங்களிலும் உரக்கப் படிக்கப்பட்டவை. பிற்காலத்தில் மலிவு விலைப் பதிப்புகளாக விற்கப்பட்டவை. இவற்றைப் பல்கலைக்கழகம் எத்தனை காலம் ஏறெடுத்தும் பாராதிருந்தது என்பதை நாம் அறிவோம். 1950களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ம. மு. உவைஸ் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டினை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டபோது, ‘அதில் ஆராய என்ன இருக்கிறது?’ என்ற மனப்பான்மையே பரவலாக இருந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனப் பேராசிரியராக அமர்ந்து, அஜ்மல்கானுடன் இணைந்து பல தொகுதிகளாக இலக்கிய வரலாறு எழுதும் நிலை அவருக்கு வாய்த்தது. புறக்கணிப்பின் வலியை அறிந்த நாமே இன்னொரு மக்கள் கலையைப் புறக்கணிப்பது பொருந்துமா?

நொண்டி நாடகத்தை எண்ணிப் பாருங்கள். களவையே தொழிலாகக் கொண்ட ஒருவன். ஈட்டியதைப் பரத்தையின் வீட்டில் இழந்தவன். குதிரை திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டுண்டவன். ஒற்றைக் காலோடு அவைமுன் தோன்றித் தன் கதையைத் தானே பாடி ஆடுகிறான். கேட்போர் சிரித்திருப்பர், அவன் கெட்ட வழிகளை விவரிக்கும் இடங்களில் சற்றுக் கூடுதலாகவே உற்றுக் கேட்டிருப்பர். இறுதியில் அவன் திருந்துவதால், எல்லாரும் மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பர். கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் போற்றும் நொண்டி நாடகம் இவ்வகையைச் சார்ந்ததே. இன்று அது சிற்றிலக்கியம் என்னும் மதிப்புமிக்க பெயரோடு பாடத்தில் நிற்கிறது. முக்கால் பங்கு குற்றத்தைக் காட்டிக் கால் பங்கில் திருத்தும் இந்த அமைப்பைத் தமிழ்த் திரைப்படத்தில் காணாதார் உளரோ? வகுப்பில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பேச ஓர் ஆசிரியர் துணிந்தால், நொண்டி நாடகமும் மாணவனுக்கு நன்கு விளங்கும், படமும் விளங்கும்.

திரைப்படம் பற்றிய நம் ஆய்வின் அடித்தளம் பெரும்பாலும் தமிழ்த்துறைகளுக்கு வெளியே இடப்பட்டது என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் குறிப்பிடவேண்டியிருக்கிறது. 1880 முதல் 1945 வரையிலான தென்னிந்திய நாடகமும் படமும் தேசிய இயக்கத்திற்குத் துணைநின்ற வரலாற்றை 1981இல் நூலாக்கிய சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. எம்.ஜி.ஆரின் திரைத்தோற்றத்தையும் அரசியலையும் ஆராய்ந்து 1992இல் நூல் வெளியிட்ட எம். எஸ். எஸ். பாண்டியன் பொருளியல் வழியே வந்தவர். மதுரையில் தங்கி, உழைக்கும் மக்களோடும் இரசிகர் மன்றத்தாரோடும் பழகி 1993இல் நூல் தந்த சாரா டிக்கி அமெரிக்க மானிடவியலாளர். கொல்கத்தா யாதவ்பூர் பல்கலைக்கழகம் 1993இலேயே திரைப்பட ஆய்வுக்கெனத் துறை கண்டது. தமிழ்ப் பேராசிரியர் என்னும் தகுதியோடு இத்துறையில் முன்னரே இறங்கியவர் எனக் கா. சிவத்தம்பியையே சிறப்பாகச் சுட்டலாம். பழந்தமிழர் நாடகத்தை ஆராய்ந்து பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1964இல் ரிச்சர்டு ஹோகார்ட் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியதும் அதே பல்கலைக்கழகத்தில்தான் என்பது ஒரு சுவையான பொருத்தம்.

சிவத்தம்பி 1981இல் கூறிய கருத்தொன்று தனித்து நோக்கத்தக்கது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் திரையரங்கே. அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கையிலிருந்த காசே என்பது அவர் கருத்தின் சாரம். கோயில் மண்டபத்திலும் சபாக்களிலும் நுழைய இயலாதவர், தரைச் சீட்டு வாங்கிக்கொண்டு முன்வரிசை மணலில் முதலாளிக்கும் முன்னால் அமர்ந்தார். சமத்துவத்தைப் பேசும் நமக்கு இச்செய்தி இனிக்கவேண்டும். தரைச்சீட்டும் பெஞ்சும் நாற்காலியும் புதிய படிநிலை ஒன்றைப் படைத்தன என்பதும் உண்மையே. எனினும், காசு சேர்த்தால் ஏறிவிடக்கூடிய படிநிலை அது.

மூலச் சான்றுகள் அழிந்துவருவதே நம்மை மிகவும் வருத்தும் செய்தி. தமிழ்நாட்டில் நடராச முதலியார் எடுத்த முதல் மௌனப் படமாகிய கீசகவதம் இன்று இல்லை. 1931 அக்டோபரில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய காளிதாசும் இல்லை. தென்னகத்தில் எடுக்கப்பெற்ற நூற்றுக்கு மேற்பட்ட மௌனப் படங்களுள், 1933இல் நாகர்கோவிலாரின் முயற்சியால் உருவான மார்த்தாண்ட வர்மாவே ஏறத்தாழ முழுமையாக எஞ்சியது. அதனைக் காத்ததும் ஒரு வழக்கே! நாவலின் பதிப்புரிமை பற்றிய தகராறில் படச்சுருள் முடங்கிக் கிடந்தமையால் பிழைத்தது. பின்னர்ப் புனேயில் 1964இல் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை, எளிதில் தீப்பற்றுபவை, பற்றாவிடினும் நாளடைவில் தாமே சிதைபவை. ஏட்டுச்சுவடிகளைக் கரையானும் ஆடிப்பெருக்கும் கொண்டுபோனதற்கு நூறாண்டாக அழுதுவரும் நாம், நம் பாட்டன்மார் கண்ட படங்கள் புகையாய்ப் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டதில்லை.

படம் அழிந்த இடத்தில் பாட்டுப் புத்தகம் நிற்கிறது. கொட்டகை வாயிலில் அணா விலைக்கு விற்ற அச்சிறு வெளியீட்டில் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் பாடல்களும் இருக்கும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ எனக் கதை பாதியில் நிற்கும். வரலாற்றாசிரியனுக்கு அது கல்வெட்டுக்குச் சமம். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் கைப்பொருளைச் செலவிட்டு இத்தகையவற்றைத் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்க வழிசெய்தது. ஒரு தமிழர் சேர்த்ததைக் காக்கக் கடல்கடந்த பல்கலைக்கழகம் வரவேண்டியதாயிற்று.

இனி, நம் துறைகளில் ஏற்கெனவே நடந்துள்ள திரை ஆய்வுகளைப் பற்றி ஒரு சொல். இளமுனைவர் பட்டம் இருந்த காலத்தில் திரைப்பாடல் பற்றி ஏடுகள் பல எழுதப்பட்டன. அவற்றுள் பெரும்பான்மையானவை ஒரு கவிஞரின் பாடல்களை அச்சு நூலிலிருந்து எடுத்து, உவமை இத்தனை, உருவகம் இத்தனை, சங்க இலக்கியத் தாக்கம் இத்தனை எனக் கணக்கெடுப்பவை. பாடலின் மெட்டு முன்னரே அமைந்ததா, யார் குரலில் ஒலித்தது, எந்தக் காட்சியில் யாரைப் பார்த்துப் பாடப்பட்டது, தணிக்கையில் எச்சொல் மாறியது என்பன அவற்றில் இரா. இது திரைப்பட ஆய்வு அன்று. திரையை அணைத்துவிட்டுச் செய்த ஆய்வு. சமுதாய மேடையிலும் திரையிலும் ஒருங்கே பாடல் தந்த கவி கா. மு. ஷெரீப் போன்றவரை இம்முறையில் ஆராய்ந்தால் அவருடைய பாதி உருவமே கிட்டும்.

தமிழ்த்துறையிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. பாடவேறுபாடு காண்பதில் உ. வே. சாமிநாதையர் வழிவந்தவர்கள் நாம். ஒரே படத்திற்குத் தணிக்கைக்கு முந்திய வடிவம், திரையரங்கு வடிவம், தொலைக்காட்சிக்காகக் குறைத்த வடிவம், மொழிமாற்ற வடிவம் எனப் பல பிரதிகள் உண்டு. 1992இல் வந்த ரோஜாவின் தமிழ் வடிவில், இந்தி அறியாத நெல்லைச் சீமைப் பெண் காசுமீரத்தில் தவிப்பதே கதையின் உயிர். இந்தியில் அவளும் இந்தியே பேசும்போது அத்தவிப்பு பொருளிழந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய பாடவேறுபாட்டைச் சுவடியில் கண்டிருந்தால் எத்தனை பதிப்புரைகள் எழுதியிருப்போம்!

அப்படத்தைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். எரியும் கொடியின்மீது நாயகன் பாய்ந்து தீயை அணைக்கிறான். அதனோடு ஒட்டித் தொழுகையில் அமைதியாய் இருக்கும் தீவிரவாதியின் காட்சி வருகிறது. தொழுவது குற்றம் என்று படத்தில் எவரும் சொல்லவில்லை. வெட்டியும் ஒட்டியும் அடுத்தடுத்து வைத்த முறையே அதனைச் சொல்லிவிடுகிறது. இதனை வசனத்தில் தேடுவோர்க்குக் கிடைக்காது. படத்தொகுப்பில் தேடத் தெரிந்தவர்க்கே கிட்டும். 1994இல் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் தேஜஸ்வினி நிரஞ்சனா இப்படத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். நாடு தழுவிய விவாதம் எழுந்தது. முஸ்லிமாகப் பிறந்து தமிழ் கற்பிக்கும் நம்மில் எத்தனை பேர் அவ்விவாதத்தில் தமிழில் பங்கேற்றோம்? 1961இல் பாவமன்னிப்பு காட்டிய ரகீமுக்கும் முப்பது ஆண்டுகள் கழித்துத் திரையில் வந்த முஸ்லிமுக்கும் இடையில் என்ன நேர்ந்தது என்பதை நூலாக எழுதவேண்டியவர் யார்?

2013இல் விஸ்வரூபம் வெளிவரவிருந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது, அரசு தடைவிதித்தது, பேச்சு நடந்தது, சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, பிப்ரவரியில் படம் வெளிவந்தது. எதிர்ப்பது குடிமக்களின் உரிமை. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒலியை நீக்கியபின் காட்சிகளின் வரிசை அப்படியே இருந்தது. படத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை வாசித்துக் காட்டி, இன்ன இடத்தில் இன்னவாறு நம்மைப் பற்றிய அச்சம் கட்டப்படுகிறது, இன்ன இடத்தில் அவ்வாறில்லை என்று நிறுவும் தமிழ் எழுத்து நம் கைக்கு மிகக் குறைவாகவே வந்தது. அதனை எழுதக்கூடிய மாணவனை நாம் உருவாக்கவில்லை. மனு எழுத ஆளிருந்தது. திறனாய்வு எழுத ஆளில்லை.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. இளங்கலையில் ஒன்றும் வேண்டாம். அங்கே இலக்கணத்திற்கும் பழைய நூல்களுக்குமே மணிநேரம் போதவில்லை. முதுகலையில் ஒரு தாள் போதும். அதில் நான்கைந்து படங்கள், அச்சில் வந்த திரைக்கதை ஒன்று, பாட்டுப் புத்தகங்கள், வார இதழ்த் தொடர்கதை ஒன்று, முச்சந்தியில் விற்ற சிந்துநூல் சில, சுவரொட்டி ஆகியவை இடம்பெறட்டும். தேர்வில் ‘கதைச் சுருக்கம் தருக’ என்னும் வினா அறவே கூடாது. வேலைவாய்ப்பை நோக்கிய காட்சித் தொடர்பியல் படிப்புகள் படமெடுக்கக் கற்பிக்கின்றன. அது வேறு பணி.

நம் கல்லூரிக்கே உரிய ஒரு வேலையும் உண்டு. நாகூர் இ. எம். ஹனீபா 2015இல் மறைந்தார். திரைப்படத்தில் அவர் பாடியவை சிலவே. மேடையிலும் ஒலிநாடாவிலும் பாடியவை மிகப் பல. திருமண வீடுகளிலும் மீலாது விழாக்களிலும் அரசியல் கூட்டங்களிலும் ஒலித்த அக்குரலை நாகூரார் மட்டுமா கேட்டனர்? தெருமுழுதும் கேட்டது. அந்நாடாக்கள் இன்று நம் வீட்டு அலமாரிகளில் ஈரம் பூத்துக் கிடக்கின்றன. அட்டைகளில் அச்சான பாடலாசிரியர் பெயர்கள் மங்கிவருகின்றன. இக்கல்வியாண்டு முடிவதற்குள், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் கிடைக்கும் ஒலிநாடாக்களையும் பாட்டுப் புத்தகங்களையும் இரவல் பெற்று வரட்டும். துறை அவற்றைப் படியெடுத்துப் பட்டியலிட்டு உரியவரிடமே திருப்பித் தரட்டும். பெட்டிகளைத் திறக்க ஒப்புதல் தரவேண்டியவர்கள் ஊர்ப் பெரியவர்களே.