புறாத்தீவில் ஒரு பகல்



தம்புள்ளையில் வாழும் எங்களுக்குக் கடல் தூரத்து உறவு மாதிரி. தினமும் காண்பது குளமும், குன்றும், மரக்கறி ஏற்றி வரும் லொறிகளும்தான். ஆனால் ஹபரணை, கந்தளாய் வழியாக பஸ் ஏறினால் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் திருகோணமலை வந்துவிடும். அங்கிருந்து வடக்கே கொஞ்சத் தூரம் போனால் நிலாவெளி. அந்தக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் கடலுக்குள் இருப்பது புறாத்தீவு. கடந்த ஓகஸ்ட் மாதம் இரண்டு நாள் பயணமாகக் குடும்பத்தோடு அங்கே போனோம்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் என் மச்சாள், கணவரின் அக்கா. வன்னியில் இருப்பவர். 2009 இல் கணவரை இழந்தவர். அப்போது மூன்று வயதாக இருந்த மகள் இப்போது உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். பயணம் பற்றிச் சொன்னதும் மச்சாள் தயங்கினார்.

"நான் கடலில குளிச்சுக் கும்மாளம் போட்டால் ஊரில என்ன சொல்லுவினம்?"

இந்தக் கேள்வியை நான் போகும் கிராமங்களில் எல்லாம் கேட்கிறேன். துணையை இழந்த பெண் சிரித்தால் குற்றம், நல்ல சேலை உடுத்தால் குற்றம். நாங்கள் சந்தோஷப்பட்டால் இறந்தவர்களை மறந்துவிட்டோம் என்று அர்த்தமா? இல்லை. களைத்த உடம்புக்கும் மனதுக்கும் ஓய்வு வேண்டும். கடைசியில் மகள் கெஞ்சியதால் மச்சாள் வந்தார்.

புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும், 2003 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பாறைகளில் கூடுகட்டும் மலைப்புறாக்களால் வந்த பெயர் அது. யுத்த காலத்தில் இந்தக் கடலுக்கு நினைத்தபடி போய்வர முடியாது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. இத்தனைக்கும் பிறகும் தீவைச் சுற்றி முருகைக்கற்கள் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கிடையே வண்ண மீன்கள், ஆமைகள், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் திரிகின்றன. இந்தச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சுபாவம் உள்ளவை.

மகளுக்கு ஒரே ஆசை, காற்றுச் சிலிண்டர் கட்டிச் சுழியோட வேண்டும் என்பது. "அம்மாவும் வாங்கோ" என்றாள். ஆச்சரியம், மச்சாளும் தலையாட்டினார்.

சுழியோடல் நிலையத்தில் முதலில் ஒரு படிவம் தந்தார்கள். இருதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம், காது நோய் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேள்விகள். மச்சாள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அடையாளம் போட்டார். எனக்குத் தெரியும், ஷெல் வெடித்த சத்தத்தில் அவரது இடது காதுச் சவ்வு கிழிந்தது. இன்றும் இடைக்கிடை அந்தக் காதில் சீழ் வடியும்.

"மச்சாள், காதைப் பற்றி எழுதுங்கோ" என்றேன்.

"எழுதினால் விடமாட்டினம்."

"விடாட்டிப் பரவாயில்லை. உண்மையை எழுதுங்கோ."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மாற்றி எழுதினார். பயிற்றுநர் கோபிக்கவில்லை. ஆறுதலாக விளங்கப்படுத்தினார். பத்து மீற்றர் ஆழத்தில் உடம்பை அழுத்தும் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டே இறங்க வேண்டும். சவ்வில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த கடல்நீர் நடுக்காதுக்குள் போய்த் தலை சுற்றும். நீருக்கடியில் தலை சுற்றினால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. உயிருக்கே ஆபத்து.

மகள் மட்டும் இறங்கினாள். முதல் முறை இறங்குபவரைப் பயிற்றுநர் கையோடு வைத்திருப்பார். 12 மீற்றருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. மேலே வரும்போது அடக்கிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

மச்சாள் கரையோரம் மணலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். பளிங்கு மாதிரித் தண்ணீர். காலடியில் சின்ன மீன்கள் வந்து சுற்றின. அவர் சிரித்ததைக் கண்டேன்.

மேலே வந்த மகள் முதலில் கேட்டது மீனைப் பற்றி அல்ல. "அம்மா ஏன் வரேல்லை?" என்றாள். அன்றுதான் மச்சாள் அந்த ஷெல்லைப் பற்றியும் காதைப் பற்றியும் அவளிடம் வாய்திறந்து சொன்னார். பிள்ளை அழுதுவிட்டாள்.

"சின்னனில நான் கூப்பிட்டால் அம்மா திரும்பிப் பார்க்கமாட்டா. என்னில பாசம் இல்லை எண்டு நினைச்சன்."

சகோதரிகளே, மறைத்த காயம் எங்களை மட்டும் நோகடிப்பதில்லை. பிள்ளைகள் அதற்குத் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

வீடு திரும்பியதும் மச்சாளை அரசாங்க ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக் கூட்டிப்போனோம். கிழிந்த சவ்வைச் சத்திரசிகிச்சையால் மூட முடியும். எத்தனை வருடம் சென்றாலும் காட்டிப் பார்க்கலாம். உங்களில் யாருக்காவது வெடிச்சத்தத்திற்குப் பிறகு காது மந்தமாக இருந்தால், இரைந்தால், சீழ் வடிந்தால், தயவுசெய்து போய்க் காட்டுங்கள்.

புறாத்தீவுக்குப் போவதானால் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்ரெம்பர் வரை போங்கள். படகில் உயிர்காப்பு அங்கி கேட்டு அணியுங்கள். முருகைக்கல்லை மிதிக்காதீர்கள், ஒரு துண்டும் எடுத்து வராதீர்கள். அது உயிருள்ளது, வளர வருடக்கணக்காகும். சுழியோடினால் அன்றே விமானத்திலோ நுவரெலியா போன்ற உயரமான இடத்துக்கோ போகாதீர்கள். அதற்கு ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

சுழியோட வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளோடு ஒரு பகல் கரையில் இருந்துவிட்டு வாருங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.