கொல்லம் பரப்பும் கடல் மணலும்

ஆசிரியருக்கு,

கடல் மணல் ஏலம் பற்றிய உங்கள் கட்டுரையில் கட்டுமானத் துறையின் தேவை விரிவாக வந்தது; மீன்பிடிப்போரின் பக்கம் இரண்டே வரி.

2024 நவம்பரில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த 13 கடற்தொகுதிகளில் மூன்று கொல்லம் கடலில் உள்ளவை. ஆற்றில் மணல் அள்ளத் தடை வந்ததும் கடலில் மணல் இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது போலும்! கொல்லம் பரப்பு என்னும் அந்தக் கடற்பகுதி வெறும் மணல்மேடு இல்லை. இறால், கணவாய், கிளிமீன் என்று நீண்டகரை, சக்திகுளங்கரை துறைமுகங்களுக்கு வருபவற்றில் பெரும்பங்கு அங்கே பிடிபடுபவைதான். எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள் பலருக்கும் அந்தப் படகுகளில்தான் வேலை.

இழுவைமடி அடிக்கடலைக் கிளறிவிடும், குஞ்சுகள் பிழைக்கட்டும் என்று கேரளத்தில் ஆண்டுதோறும் 52 நாள் தடை போடுகிறார்கள். அது நியாயம்தான், நாங்களும் கட்டுப்படுகிறோம். அதே அடிக்கடலை இயந்திரம் வைத்து உறிஞ்சினால் மண்ணில் வாழும் புழுவும் சிப்பியும் சேர்ந்தே போகும். கிளம்பும் சேறு நீரோட்டத்தோடு நகரும். தொகுதியின் எல்லைக்கோடு சேற்றுக்குத் தெரியாது.

2023-ல் திருத்தப்பட்ட கடல்சார் கனிமச் சட்டப்படி உரிமத்தொகை மத்திய அரசுக்குப் போகிறது. மீன் குறைந்தால் இழப்பீடு யார் தருவது என்பதற்குத் தெளிவான பதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தொகுதிகளின் எல்லை அளவுகளையாவது மலையாளத்திலும் தமிழிலும் துறைமுகங்களில் ஒட்டிவைக்கட்டும். எந்த இடம் என்று தெரிந்தால், அங்கே எந்த மாதம் என்ன மீன் படும் என்பதை நாங்களே எழுதித் தருகிறோம்.

ஒரு வாசகர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்