மருந்தைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை?

மாணவ நண்பர்களே! "மருந்து விஷயத்தை மருத்துவர்களிடமும் மந்திரிகளிடமும் விட்டுவிட வேண்டியதுதானே? நோயாளிக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். தென்னாப்பிரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து கருவிலும், பிரசவத்தின்போதும், தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குத் தொற்றலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று வரும். 1999-ல் உகாண்டாவில் நடந்த ஆய்வு ஓர் எளிய வழியைக் காட்டியது. பிரசவ வலி கண்டதும் தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை. பிறந்த மூன்று நாட்களுக்குள் குழந்தைக்கு ஒரு வேளை மருந்து. அவ்வளவுதான்! அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்த மற்றொரு மருந்தைவிட இது தொற்றை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது.

இது எப்படி வேலை செய்கிறது? நம் உயிரணுவுக்குள் நுழையும் இந்த வைரஸ், தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. நகல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும். அதற்கு ஒரு நொதி வேண்டும். நெவிரபின் அந்த நொதியோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. நகல் இல்லையேல் வைரஸ் பெருக முடியாது அல்லவா?

மருந்துக் கம்பெனி ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகவே தருவதாகச் சொன்னது. ஆனால் தென்னாப்பிரிக்க அரசோ மாகாணத்துக்கு இரண்டே இடங்களில் சோதனை முறையில் கொடுத்தால் போதும் என்றது. மற்ற அரசு மருத்துவமனைகளில் மருத்துவரே விரும்பினாலும் கொடுக்க முடியாது. எய்ட்சுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்று அன்றைய அதிபர் தாபோ இம்பெக்கியே ஐயம் கிளப்பிய காலம் அது!

அப்போது எழுந்து நின்றவர்கள் யார்? 1998 டிசம்பர் 10 அன்று கேப் டவுனில் சாக்கி அக்மத்தும் நண்பர்களும் தொடங்கிய 'சிகிச்சைச் செயல் இயக்க'த்தினர். இவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொன்ன ஒரு பெண்ணை அதே மாதத்தில் டர்பனுக்கு அருகே ஒரு கும்பல் அடித்தே கொன்றிருந்தது. அதன் பின்னும் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பனியனை அணிந்து இவர்கள் தெருவில் நடந்தார்கள்.

கோஷம் போட்டதோடு இவர்கள் நின்றுவிடவில்லை. (கோஷம் மட்டும் எந்த நோயையும் தீர்த்ததில்லை!) குடிசைப் பகுதிகளில் வகுப்பு நடத்தினார்கள். வைரஸ் எப்படிப் பெருகுகிறது, சி.டி.4 அணு என்றால் என்ன, மருந்தின் பக்க விளைவுகள் யாவை என்று பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் கற்றுக்கொண்டு பிறருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2001-ல் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2002 ஜூலை 5 அன்று, மருந்துக்கு விதித்த தடையை நீக்க வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003 நவம்பரில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான சிகிச்சைத் திட்டத்துக்கே அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? அறிவியலைக் கைவிட்டவர்கள் ஆட்சியில் இருந்தார்கள். அதைப் பற்றிக்கொண்டவர்கள் குடிசைகளில் இருந்தார்கள். ஆகவே நோயாளிகளைக் கொள்கை வகுக்கும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதை இரக்கத்தால் செய்யும் சலுகை என்று நான் கருதவில்லை. மருந்து வீடுவரை போய்ச் சேருகிறதா, எங்கே தடைபடுகிறது என்ற தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது. அது இல்லாமல் போடும் திட்டம் அரைகுறை ஆய்வைப் போன்றதே. ஆனால் வெறுமனே நாற்காலி போட்டுக் கொடுத்தால் போதாது. பேசுவதற்கு வேண்டிய அறிவியலை அவரவர் தாய்மொழியில் கற்பிக்கவும் வேண்டும்.

ஒற்றை மாத்திரை முறை இன்று பழையதாகிவிட்டது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. இப்போது ஆண்டுக்கு இரண்டே முறை போடும் லெனகாபவிர் என்ற தடுப்பு ஊசி வந்திருக்கிறது. 2024-ல் முடிவு வெளியான ஆய்வில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இதைப் போட்டுக்கொண்ட 2134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அவர்களின் வயது 16 முதல் 25 வரை. உங்கள் வயதுப் பெண்களும் அதில் இருந்தார்கள். இந்த ஊசியை முதலில் யாருக்குக் கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் கூட்டங்களில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?